குஸ்கோவில் நான் அடைத்த மடை

எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்றால் களத்துமேடுதான். கீழ்வேளூரில் அதைவிட உயரமாக ஏறவேண்டும் என்றால் கோயிலின் கட்டுமலைப் படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளிலேயே நடுவில் ஒருமுறை நின்று, இடுப்பில் கைவைத்து, யாரையாவது திட்டிவிட்டுத்தான் மீதியை ஏறுவேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? குஸ்கோ விமான நிலையத்தில் பெட்டி வரும் இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக இருந்தோம்.

மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "மூச்சு வாங்குதாம்மா? பேசாத. மெதுவா எந்திரி."

"பேசாதன்னு என்னையச் சொன்ன மொத ஆளு நீதான்டி" என்றேன். அதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

முப்பது வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வி.ஏ.ஓ. அம்மா வருகிறாள் என்றால் தெருநாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஜமாபந்தியில் தாசில்தாரையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். என் அப்பா பண்ணையில் தண்ணீர் கட்டும் ஆளாக இருந்தவர். அவர் மகள் நான் அரசாங்க முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கும் பயந்ததில்லை. பிற்பாடு நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கிய ஆறு மா நிலத்தில், அதாவது இரண்டு ஏக்கரில், இப்போது சம்பா போட்டிருக்கிறோம்.

எங்களுக்கு ஒரே மகள். உருளைக்கிழங்கு ஆராய்ச்சி என்று சொல்லிப் பெரு நாட்டில் இந்தக் குஸ்கோவுக்குப் போனாள். இரண்டு வருஷம் என்றாள். நான்கு வருஷம் ஆயிற்று. ஒருநாள் போனில், "இங்க ஒருத்தர் இருக்காரும்மா" என்றாள். கூட வேலை பார்க்கிறவராம், அந்த மலை ஊர்க்காரராம், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறார்களாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சாதி, மதம் எல்லாம் நான் பார்க்கிறவள் இல்லை. ஆனால் அவள் அங்கேயே இருந்துவிடுவாள் என்பதுதான் என் பயம். அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாகச் சத்தம் போட்டேன். அதுதான் எனக்கு வரும்.

நாகப்பட்டினத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாயிடம் போனேன். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் டிக்கெட் போட்டே பழகியவர். குஸ்கோ என்றதும், "அது எந்தப் பக்கம்மா, ஷார்ஜாவத் தாண்டியா?" என்று கேட்டார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ரெண்டுங்கிறீங்க. பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அத நான் பாத்துக்கிறேன், நீங்க போடுங்க."

திரும்பி வரும் டிக்கெட்டுகள் இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு ஏறிவிடுவது என்பது என் திட்டம். எப்படி என்று யோசிக்கவில்லை. நேரில் போனால் வழி கிடைக்கும் என்று ஒரு தைரியம்.

முதல் மூன்று நாள் நான் நடந்தேனா மிதந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊர்க் காற்றில் பாதிதான் காற்று. மீதி வெறும் வெளிச்சம். கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்தாள் மகள். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது, ஆனால் குடித்தால் தலைபாரம் கொஞ்சம் இறங்கியது. அவள் குடியிருந்த மாடி அறையின் ஜன்னலோரம் படுத்துக்கிடந்தேன். வெளியே செம்மண் நிற ஓட்டுக்கூரைகள் சரிவு சரிவாக இறங்கின, அவற்றுக்குப் பின்னால் ஒரு மரம்கூட இல்லாத பழுப்பு மலைகள். கண்ணை மூடினால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஓடம்போக்கி ஆற்றங்கரையில் படுத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொள்வேன். கண்ணைத் திறந்தால் மலை. மூடினால் ஆறு.

"தண்ணி சத்தம் கேக்குதுடி. எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "தெருவுக்கு அடியில ஆறு போகுதும்மா. இன்காக்காரங்க காலத்துலயே கரை கட்டி வெச்ச ஆறு. பின்னாடி வந்தவங்க மேல மூடித் தெருவாக்கிட்டாங்க. ஆனா இந்தத் தெருவுலருந்து சத்தமெல்லாம் கேக்காது. நீ கனவு கண்டிருப்ப."

கேட்டது கேட்டதுதான். ஆனால் அதற்காகச் சண்டை போட மூச்சு இல்லை.

நான்காம் நாள் ஊரைச் சுற்றிக் காட்டினாள். இன்கா ராஜாக்களின் தலைநகராம் அது. சூரியனுக்குக் கட்டிய கோயிலின் சுவர்கள் அடியில் இருக்கின்றன, அதன் தலையில் கிறிஸ்தவ மடம் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை, கல்லோடு கல் ஒட்டி நிற்கிறது. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவில் நுழைக்கப் பார்த்தேன். போகவில்லை. 'எங்க பெரிய கோயில விடவா?' என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றபோது என் வாய் அடங்கிவிட்டது. வெயில் அந்தத் தெருவைவிட்டு விலகிய பிறகும் கல் கதகதப்பாக இருந்தது. மகள் என் ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுவிட்டாள், நான் அவளுக்குச் சின்ன வயதில் போட்டுவிட்ட அதே அவசரத்தோடு. இவளை எப்படிக் கிளப்பிக்கொண்டு போவது என்று அப்போதும் உள்ளே யோசனை ஓடிக்கொண்டேயிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில், மகள் கட்டிக்கொள்ளப் போகிற அந்த ஆளின் ஊருக்குப் போனோம். நகரத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம். அவரே ஓட்டினார். அடக்கமான, அதிகம் பேசாத மனிதர், முப்பத்தைந்து வயதிருக்கும். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான். வீட்டு வாசலில் அவருடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான். உயரமான தொப்பி, இரட்டைச் சடை, அடுக்கடுக்கான பாவாடை. என் கையை இரண்டு கையாலும் பிடித்து அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னாள். வெறுமே தலையை ஆட்டினேன். மகளும் அந்த ஆளும் அடுப்படிக்குப் போய் அவளோடு உருளைக்கிழங்கைக் கழுவ ஆரம்பித்தார்கள். எனக்காக விருந்து. மகள் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்காமலே எடுப்பதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வயல்கள். ஒவ்வொரு படிக்கும் கல்லால் முட்டுச்சுவர். மேலே ஒரு வாய்க்கால் வந்தது, கல் பாவிய வாய்க்கால், கண்ணாடி மாதிரி தண்ணீர். வாய்க்காலைப் பார்த்ததும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தாற்போல் ஆகிவிட்டது எனக்கு. அதன் கரையோடே நடந்தேன். காற்று லேசு, உடம்பு லேசு, எங்கோ மாடு கத்தியது, எல்லாமே தூக்கத்தில் நடப்பது மாதிரி.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஓரிடத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண் விலகி, தண்ணீர் குபுகுபுவென்று கீழே கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் பயிர் இல்லை, விதைத்த தடம் இல்லை, வெறும் காய்ந்த கட்டி நிலம். தண்ணீர் அங்கே நிற்கவும் இல்லை, அடுத்த படிக்கு இறங்கி, அதற்கும் அடுத்த படிக்கு வழிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி நிறுத்தித்தான் உழுவோம். இப்படி நிற்காமல் சரிந்து போகிற தண்ணீரைப் பார்த்தால் என் கண்ணுக்கு அது உடைப்புதான். நாங்கள் கடைமடைக்காரர்கள். காவிரித் தண்ணீர் எல்லா ஊரும் பார்த்து, மீந்தது எங்களிடம் வந்து சேரும். வீணாகப் போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க எங்களுக்கு வராது.

அட பாவிகளா, ஒருத்தன்கூட வாய்க்காலைப் பார்க்கிறதில்லையா என்று சத்தமாகவே திட்டினேன். செருப்பைக் கழற்றினேன். புடவையைத் தூக்கிச் செருகினேன். தண்ணீரில் கால் வைத்ததும் உச்சந்தலைவரை குளிர் ஏறியது. புல்லோடு மண்கட்டிகளைப் பெயர்த்து, கல்லை அண்டக் கொடுத்து, சேற்றை அப்பி, குதிகாலால் மிதித்து மிதித்து அடைத்தேன். என் அப்பா அடைப்பார் அப்படி. நான் ஒருநாளும் அந்த வேலையைச் செய்ததில்லை, ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நாளாக மிதந்துகொண்டிருந்த காலுக்கு முதல் தடவையாகத் தரை கிடைத்தது. தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, வாய்க்காலோடு நேராக அடுத்தவர் நிலத்துப் பக்கம் ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். வெயில் சுகமாக இருந்தது. தூங்கிப்போனேன்.

விசில் சத்தத்தில்தான் விழித்தேன். கையில் நோட்டு வைத்திருந்த ஒரு மனிதர் வாய்க்கால் மேட்டில் நின்று ஊதிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் மகனும் மேலே ஓடிவந்தார்கள், பின்னால் என் மகள். அந்த அம்மா காய்ந்த படிகளைப் பார்த்தாள், அடைப்பைப் பார்த்தாள், பிறகு என் சேற்றுக் காலைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க!" என்றாள் மகள்.

"ஒடப்ப அடைச்சேன். தண்ணி வீணாப் போயிக்கிட்டு இருந்துச்சு."

"அது ஒடப்பு இல்லம்மா! அவங்களே தெறந்து விட்ட மடை. இன்னிக்கு அவங்க முறை. மக்காச்சோளம் வெதைக்கறதுக்கு முன்னாடி நெலத்த ஊற வைக்கணும், அதுக்குப் பதினாலு நாளைக்கு ஒரு தடவதான் தண்ணி. காலைலருந்து மத்தியானம் வரைக்கும். இப்ப விசில் ஊதியாச்சு, முறை முடிஞ்சு போச்சு. கீழ மூணு படி அப்படியே காஞ்சு கெடக்கு. நமக்குச் சமைக்கத்தான் அவங்க வயல விட்டு வந்தாங்க, தெரியுமா?"

முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. முறைத் தண்ணீர்! இது எனக்கா தெரியாது? அடுத்தவன் முறையில் கை வைத்தவர்களை வரிசையாக என் முன்னால் ஆஜராக்கி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள் நான். தெரியாமல் செய்துவிட்டோம் என்று அழுதவர்களிடம், "தெரியலேன்னா கேக்கணும், வாய் இல்ல?" என்று கத்தியவள் நான். நோட்டு வைத்திருந்த அந்த மனிதரின் சலித்துப்போன முகத்தைப் பார்த்தேன். அது என் முகம்தான், முப்பது வருஷம் கண்ணாடியில் பார்த்த முகம்.

"மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுடி" என்றேன்.

மகள் சொன்னாள். அந்த அம்மா பதிலுக்கு ஏதோ சொன்னாள், மகன் குனிந்து சிரிப்பை அடக்கினார்.

"நல்லா அடைச்சிருக்கியாம். இவரு மண்வெட்டி போட்டாக்கூட ஒடைக்க முடியாதாம்" என்றாள் மகள்.

நானும் சிரித்திருந்தால் என்னை விட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் ஊரில் நானே வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. கேஸ், பேப்பர் என்று போகாமல் முடிக்க, முறையை மறித்தவன் அடுத்த முறைக்குத் தானே மண்வெட்டியோடு வந்து, மறிக்கப்பட்டவர் வயலின் கடைசி மூலை நனையும்வரை தண்ணீர் கட்டிக் கொடுக்க வேண்டும். அதை மகளிடம் சொல்லி, அப்படியே சொல்லச் சொன்னேன். அடுத்த முறைக்கு நான் வருகிறேன்.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு தலையசைத்தாள்.

"சரிங்கிறாங்க. ஆனா இங்க ஒருத்தர்கிட்ட சும்மா வேலை வாங்க மாட்டாங்கம்மா. நீ ஒரு நாள் அவங்க வயல்ல எறங்கினா, அவங்க ஒரு நாள் உன் வயல்ல எறங்கணும். இதுக்கு ஐனின்னு பேரு."

"இது தண்டனைடி. இதுல என்ன மொய் வைக்கிற கணக்கு?"

"அவங்க வழக்கம் அது. விடு."

காரில் திரும்பும்போதுதான் மகள் விரல்விட்டு எண்ணினாள். பதினாலு நாள் கழித்து என்றால் நான் ஊருக்குப் போகும் தேதி தாண்டிவிடும். அறைக்கு வந்ததும், "டிக்கெட்ட மாத்தணும், குடு" என்று சொல்லி என் கைப்பையை அவளே திறந்தாள். எனக்கு அந்த நொடிவரை டிக்கெட் ஞாபகமே இல்லை. கை நீட்டுவதற்குள் கவரை வெளியே எடுத்துவிட்டாள்.

ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். அதில் அவள் பெயர் இருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எங்களுக்குப் பழக்கம்தானே. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு தாளையும் மடிமேல் வைத்து நீவிவிட்டாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாம்மா?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவள் முன்னால் நான் அழுததே இல்லை. "ஒடப்புன்னு நெனச்சுட்டேன்டி" என்றேன். அவளும் அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என் டிக்கெட்டை மட்டும் மாற்றினாள். தன் பெயர் போட்ட தாளை மடித்து என் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"இத நான் தொட மாட்டேன். நீ போட்டது. என்ன பண்ணணுமோ நீயே பண்ணு."

அதற்குப் பின் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. அவள் வேலைக்குப் போய்விடுவாள், நான் தனியாக அந்தப் பழைய தலைநகரத்தின் சந்துகளில் மெதுவாக நடப்பேன். கைப்பையில் அந்தத் தாள் ஒரு படி நெல் கனம் கனத்தது. கற்சுவரோரம் உட்கார்ந்து வெயில் காய்வேன். என் மகள் இந்தக் கல்லைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறாள், இந்த ரொட்டிக்கடைக்காரி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், என்றெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. நான் இல்லாத ஓர் ஊரில் அவள் நன்றாக இருந்தாள். அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, வலிக்கவும் செய்தது, இரண்டும் நிஜம். டிக்கெட்டை அப்படியே வைத்திருந்தால் கடைசி நாளில் மனசு மாறி வந்துவிடுவாளோ என்ற நப்பாசையும் விடவில்லை.

முறை நாள் வந்தது. பொழுது விடியும்போதே வயலில் இருந்தேன். அந்த அம்மா ஒரு மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள், எங்களுடையதைவிடக் குறுகல், காம்பு நீளம். விசில் ஊதியதும் அவள் மடையைத் திறந்தாள். நான் கீழே நின்று தண்ணீரை வாங்கி, இந்தப் பக்கம் அணைத்து, அந்தப் பக்கம் வெட்டிவிட்டு, படி படியாக இறக்கினேன். நான்கு படிக்கு ஒருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவளும் பக்கத்தில் வந்து உட்காருவாள். பாஷை இல்லாமலேயே அவள் கையைக் காட்டினால் எனக்குப் புரிந்தது, நான் கையைக் காட்டினால் அவளுக்குப் புரிந்தது. கடைசிப் படியில் மகளும் அவரும் வெறுங்காலோடு நின்றிருந்தார்கள். வெகுநேரம் கழித்து அங்கிருந்து மகள் குரல் வந்தது. "வந்துருச்சும்மா! மூலைக்கு வந்துருச்சு!" அவர் குனிந்து அந்தத் தண்ணீரைத் தொட்டு அவள் கையில் தடவினார். அன்றைக்குத்தான் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். நல்ல முகம்.

விசில் ஊதுவதற்குள் எல்லாப் படியும் நனைந்துவிட்டன. கால் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் எதிரே வந்து நின்று, ஏதோ கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிற முகம் இல்லை அது.

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீ ஒரு நாள் வேலை பாத்துட்ட. இப்ப அவங்க ஒரு நாள் தரணும். உன் வயல்ல என்னிக்கு வேலைன்னு கேக்கறாங்க."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். போனை எடுத்து அங்கேயே வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும்.

"என்ன, யார்கூட சண்டை?" என்றார் எடுத்ததும்.

"சண்டையெல்லாம் இல்ல. பாயிகிட்ட போயி பாப்பா டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லுங்க. நான் மட்டும் வர்றேன்."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் இன்னொண்ணு, மறந்துறாதீங்க. தை மாசம் அறுப்புக்கு மிஷின் வரும்ல? மிஷின்காரன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. கெழக்கு மூலைல பத்துக் குழி நெலத்த விட்டுட்டு அறுக்கணும். அதுல மிஷின் எறங்கக் கூடாது. கையாலதான் அறுக்கணும்."

"கையாலயா? இந்தக் காலத்துல யாரு வர்றா கையால அறுக்க?"

"சம்பந்தி வர்றாங்க" என்றேன்.